அபராதச் சீட்டும் பிரஜா உரிமையும்

அமெரிக்க நாட்டின் பிரஜையாக விரும்பும் அந்நியர் ஒருவர் நிரப்பித் தரவேண்டிய என்-400 என்னும் விண்ணப்பப் படிவத்தில், பிறந்த தேதி, வசித்த வீடுகள், செய்த உத்தியோகங்கள், கடல் கடந்து போய்வந்த பிரயாணங்கள் முதலிய உலகியல் விவரங்கள் ஒருவாறு முடிந்த பிறகு, மனிதனுடைய ஒழுக்கத்தையே விசாரணைக்கு உட்படுத்தும் நீண்ட வினாவரிசை ஒன்று தொடங்குகிறது. சர்வாதிகாரக் கட்சியில் அங்கம் வகித்ததுண்டா, சித்திரவதையிலோ இனப்படுகொலையிலோ பங்குகொண்டதுண்டா என்றெல்லாம் கேட்டுச் செல்லும் அவ்வரிசையிலேயே, எந்தக் காவல் அதிகாரியாலேனும், எந்த நாட்டிலேனும், எக்காரணம் பற்றியேனும், வாழ்நாளில் எப்போதாவது கைது செய்யப்பட்டதோ, தடுத்து வைக்கப்பட்டதோ, குற்றச் சீட்டு எழுதித் தரப்பட்டதோ உண்டா என்ற வினாவும் நிற்கிறது. மகாபாதகங்களுக்கெல்லாம் ‘இல்லை’ என்று தயக்கமின்றி விடை குறித்துக்கொண்டு வந்த சாதுவான மனிதர் இவ்விடத்தில் பேனாவை நிறுத்திவிடுகிறார்.

அவர் மனத்தில் அப்போது எழுவது பெரிய குற்றம் ஒன்றுமன்று. பல ஆண்டுகளுக்கு முன் நெடுஞ்சாலையில் அனுமதித்த வேகத்திற்குச் சற்று மிஞ்சிச் சென்றபோது, பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் சுழலக் கண்டு, வண்டியை ஓரங்கட்டி, இரு கைகளையும் ஸ்டியரிங்கின்மேல் வைத்தபடி காத்திருந்து வாங்கிய சீட்டு ஒன்று, ‘ஸ்டாப்’ பலகைக்கு முன் அடியோடு நில்லாமல் மெல்ல உருண்டு போனதற்காக வாங்கியது மற்றொன்று, இவ்வளவே. அபராதத்தைக் கட்டியாயிற்று, சீட்டு எங்கே போயிற்றென்றும் தெரியாது. நம்மவர் ‘டிக்கெட்’ என்று சொல்லி மறந்துவிடுகிற இந்த அற்பங்களையும் எழுத வேண்டுமா என்பது, அமெரிக்காவில் குடியேறியவர் வீடுகளில் பிரஜா உரிமை விண்ணப்பம் எழுதும் காலத்தில் தவறாமல் எழும் கேள்வி.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவருக்கு இதில் தனியானதொரு சங்கடமும் உண்டு. போலீஸ் ஸ்டேஷன் வாசற்படி மிதியாதவர் என்பது நம் குடும்பங்களில் ஒருவருக்குச் சூட்டப்படும் நற்சான்று. பெண் கொடுக்கவும் எடுக்கவும் விசாரிக்கும் இடங்களில் அது செல்வத்திற்கும் படிப்பிற்கும் ஈடாக எண்ணப்படுவது. அவ்வாறு வளர்ந்த ஒருவர், காவலர் தம்மிடம் நீட்டிய காகிதத்தைப் பற்றி ஓர் அரசாங்கப் படிவத்தில் ‘ஆம்’ என்று குறிப்பதைத் தம் குலத்திற்கே நேர்ந்த இழுக்காக உணர்வாரேயானால் அதில் வியப்பில்லை. அவருடைய ‘இல்லை’ பெரும்பாலும் வஞ்சகத்திலிருந்து பிறப்பதன்று, வெட்கத்திலிருந்து பிறப்பது. ஆனால் வினாவோ எந்த நாட்டிலேனும் என்று கேட்பதால், ஹெல்மெட் அணியாமல் ஸ்கூட்டரில் சென்றதற்காகச் சென்னை வீதியில் காவலர் எழுதிக் கொடுத்த அபராத ரசீதும் அதன் வீச்சுக்கு வெளியே நிற்குமென்று சொல்வதற்கில்லை.

நண்பர் சிலர் இப்படிவத்தை நிரப்பும்போது அருகிருந்து உதவியவன் என்ற முறையில், அவர்களுக்கு வந்து சேரும் புத்திமதிகள் இரண்டு திறத்தன என்பதை அறிவேன். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுது என்பது ஒன்று. இத்தகைய சில்லறை விஷயங்களைக் கேட்க அதிகாரிக்கு நேரமுமில்லை, விருப்பமுமில்லை, ஆகவே விட்டுவிடு என்பது மற்றொன்று. வக்கீல்களிடையிலும் இரு சாராரும் உண்டு. படிவத்துடன் வரும் விளக்கக் குறிப்பே இக்குழப்பத்திற்கு இடந்தருகிறது. மதுவோ போதைப் பொருளோ சம்பந்தப்படாமலும், கைது இல்லாமலும், தண்டனை 500 டாலருக்குக் குறைந்த அபராதத்தோடோ லைசென்ஸில் ஏறும் புள்ளிகளோடோ நின்றுவிட்ட போக்குவரத்துச் சம்பவங்களுக்குச் சான்றுப் பத்திரங்கள் இணைக்க வேண்டியதில்லை என்கிறது அக்குறிப்பு. பத்திரம் வேண்டாம் என்றால் சங்கதியே வேண்டாம் என்று பொருள் கொள்பவர் பலர். குறிப்பு விலக்களிப்பது சான்றிலிருந்துதான், விடையிலிருந்து அன்று. எனினும் அந்தச் சலுகையே ஓர் உண்மையைக் காட்டிவிடுகிறது: இத்தகைய சிறு தவறுகளின் நிமித்தம் ஒருவரது விண்ணப்பத்தைத் தள்ளும் எண்ணம் அரசாங்கத்திற்கு இருந்ததில்லை.

அப்படியானால் கேட்பானேன்? இதற்கு விடை காண, படிவத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, அதற்குப் பின்னால் நிற்கும் நெடிய சட்ட மரபைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

அமெரிக்கக் குடியரசு தோன்றிச் சில ஆண்டுகளுக்குள், 1790இல் இயற்றப்பட்ட முதற் பிரஜா உரிமைச் சட்டமே விண்ணப்பதாரர் நற்குணம் உடையவராக இருத்தல் வேண்டும் என்று விதித்தது. 1795ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாண்டு வாசத்தை ஐந்தாண்டாக உயர்த்தியதோடு, நற்குணம் என்றதை நல்லொழுக்கம் என்று மேலும் அழுத்திச் சொல்லிற்று. அந்த ஐந்தாண்டு வாசமும் அந்த நல்லொழுக்க நிபந்தனையும் இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. பிரஜை ஒருவரை மணந்து உடன் வாழ்பவர்க்கு மட்டும் மூன்றாண்டு. அதே பழைய சட்டங்கள் வெள்ளையர்க்கே அவ்வுரிமையை வழங்கின என்பதையும் இங்கே சொல்லாமல் விடலாகாது. முதல் உலகப் போரில் அமெரிக்கச் சேனையில் பணிபுரிந்த பகத் சிங் திண்ட் என்னும் பஞ்சாபியர் 1923இல் சுப்ரீம் கோர்ட்டில் தோற்றது ஒழுக்கக் குறைவினால் அன்று, நிறத்தினால். இந்தியர்க்கு அக்கதவு திறந்தது 1946இல் வந்த லூஸ்-செல்லர் சட்டத்தினால்தான். ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வியைக் கேட்காமலேயே நம்மவரை வாசலில் நிறுத்திய காலம் ஒன்று இருந்தது. அதை நினைக்கும்போது, இன்று அக்கேள்வி நம்மிடம் கேட்கப்படுவதிலேயே ஒருவகைச் சமத்துவம் இருக்கிறதென்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நல்லொழுக்கம் எது என்று சட்டம் நெடுங்காலம் விவரிக்கவில்லை. ஊரார் மனச்சாட்சி எதைப் பொறுக்குமோ அதுவே அளவு என்று நீதிபதிகள் கொண்டனர். இவ்வகை வழக்குகளில் ஆழ்ந்து சிந்தித்தவர் நியூயார்க்கில் இருந்த லெர்னட் ஹாண்ட் என்னும் நீதிபதி. 1949இல் அவர் முன் வந்த ஷ்மிட் என்பவரது வழக்கு நம் விஷயத்துக்கு மிக நெருங்கியது. மணமாகாத அந்தக் கல்லூரி ஆசிரியர், தம் அந்தரங்க வாழ்வில் மணமாகாத பெண்டிரோடு எப்போதாவது உறவு இருந்ததை விசாரணை அதிகாரியிடம் தாமே ஒப்புக்கொண்டார். அவர் சொல்லியிராவிட்டால் அதை அறிந்திருக்க எவரும் இல்லை. சொன்னதன் பலனாகக் கீழ்க்கோர்ட்டு அவர் மனுவைத் தள்ளியது. மேல்முறையீட்டில் ஹாண்ட், இவ்வளவு வெளிப்படை அவசியமற்றதாகவே இருந்திருக்கலாம் என்று கருதியபோதிலும், அத்தீர்ப்பை மாற்றி மனுதாரருக்குப் பிரஜா உரிமை கிடைக்கச் செய்தார். உண்மை பேசியதனால் ஒருவருக்குத் தற்காலிகமாகத் துன்பம் நேர்ந்ததையும், அத்துன்பம் நீங்கியதையும் ஒருங்கே காட்டும் வழக்கு அது. இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய நாள்முதல் அந்த ஆசிரியர் என் நினைவில் இருந்துகொண்டே இருக்கிறார். வேகமாக வண்டி ஓட்டியதைச் சொல்வதற்கே நாக்கூசும் நமக்கு, அதனினும் எத்தனையோ மடங்கு கூச்சத்தை வென்று அவர் வாய் திறந்தார் என்பது ஆறுதலாக இருக்கிறது.

பின்னர் 1952இல் வந்த குடியேற்றச் சட்டம், நல்லொழுக்கம் இன்னதென்று வரையறுக்காமல், எவரெவர் அதை உடையவரல்லர் என்று ஒரு பட்டியல் தந்தது. அப்பட்டியலில் கொலையாளிக்கும் சூதாட்டத்தால் பிழைப்பவனுக்கும் அருகில், குடியேற்றச் சட்டத்தின்கீழ் ஒரு நன்மையைப் பெறும்பொருட்டுச் சத்தியப் பிரமாணத்தின்மேல் பொய் சொன்னவனும் வைக்கப்பட்டிருக்கிறான். அந்தப் பொய் எதைப் பற்றியது, பெரிதா சிறிதா என்ற பேச்சு அங்கே இல்லை. 1988இல் குங்கிஸ் என்பவரது வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இவ்விடத்தைத் தெளிவாக்கியது: பிரமாணத்தின்மேல் வாய்மொழியாகச் சொன்னதாகவும், நன்மை பெறும் கருத்தோடு சொன்னதாகவும் இருந்துவிட்டால், அப்பொய் முடிவை மாற்றக்கூடிய அளவு முக்கியமானதாக இருக்க வேண்டியதில்லை.

இதன் விளைவை நிதானமாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். வேகமாகச் சென்றதற்காக 150 டாலர் அபராதம் கட்டிய ஒருவர், அதைச் சொன்னால், நேர்காணலில் அதிகாரி தலையசைத்து அடுத்த வினாவுக்குப் போய்விடுவார். அதையே அவர், சொன்னால் உரிமை கிடைக்காதோ என்ற பயத்தினால் தெரிந்தே மறைத்து, வலக்கரத்தை உயர்த்திப் பிரமாணம் செய்த வாயால் ‘இல்லை’ என்பாராயின், சீட்டு செய்யாத காரியத்தை அந்த ‘இல்லை’ செய்துவிடக்கூடும். குற்றம் எங்கே இருக்கவில்லையோ அங்கே அதை மனிதர் தம் கையாலேயே படைத்துக்கொள்வதைவிடப் பரிதாபம் வேறு என்ன இருக்கிறது? மறதி அவ்வாறன்று. நினைவில் இல்லாததைச் சொல்லாமல் விட்டவன் பொய்யன் ஆகமாட்டான். பொய்க்குக் கருத்து வேண்டும் என்பது எல்லா நாட்டு நீதிக்கும் பொது.

மறைப்பவர்க்கு ஒரு தைரியமும் இருக்கிறது. விண்ணப்பதாரரின் கைரேகைகள் எஃப்.பி.ஐ. ஸ்தாபனத்திற்குப் போகின்றன என்பது மெய். ஆனால் சாதாரணப் போக்குவரத்துச் சீட்டு எழுதும்போது எவரும் கைரேகை எடுப்பதில்லையாதலால், அந்தப் பதிவில் அது இராமல் போவதே பெரும்பான்மை. மாநில வாகன இலாகாவின் பதிவிலிருந்தும் பழைய சீட்டுகள் சில ஆண்டுகளில் கழிந்துவிடுகின்றன. ஆகவே கேட்பவருக்குத் தெரியாததைச் சொல்பவர் மட்டுமே அறிந்திருக்கும் நிலை உண்டாகிறது. இந்நிலை ஏற்படுவதனாலேயே இக்கேள்வி ஓர் ஒழுக்கக் கேள்வியாகிறது என்பது என் அபிப்பிராயம். அரசாங்கத்திடம் ஏற்கெனவே உள்ள தகவலை ஒருவன் ஒப்பிப்பதில் ஒழுக்கத்தின் சோதனை என்ன இருக்கிறது? தன்னைத் தவிர வேறு சாட்சி இல்லாத இடத்தில் ஒருவன் என்ன சொல்கிறான் என்பதே அவனுடைய சொல்லின் எடை. யாருக்கும் தீங்கில்லாத பொய் பொய்யாகுமா என்று வாதாடுவோரும் நம்மிடையே உண்டு. தீங்கில்லாத நன்மை பயக்குமாயின் என்று வள்ளுவரே வாய்மை அதிகாரத்தில் இடந்தந்திருக்கிறாரே என்பார்கள். அவர் இடந்தந்தது பிறர்க்கு நன்மை செய்யும் சொல்லுக்கு. தன் காரியம் கைகூடுவதற்காகத் தன் நெஞ்சறிய மறைப்பதை அதே அதிகாரத்தில் அவர் கண்டிக்கிறார்.

இவ்வளவும் விண்ணப்பதாரர் தரப்பிலுள்ள கடமை. கேட்கும் அரசாங்கத்திற்குக் கடமை இல்லையா என்று கேட்டால், உண்டு என்பதே என் திடமான கருத்து. அது மீறப்பட்டிருப்பதை அந்நாட்டுப் பிரதம நீதிபதியே சொல்ல நேர்ந்த சந்தர்ப்பம் ஒன்று உண்டு.

போஸ்னியாவிலிருந்து அகதியாக வந்த டிவ்னா மாஸ்லென்யாக் என்ற பெண்மணி, தம் கணவர் அங்கே சேனையில் பணியாற்றியதைக் குடியேற்ற அதிகாரிகளிடம் மறைத்து, 2007இல் பிரஜையானார். பிறகு அம்மறைப்பு வெளிப்படவே, குற்றவியல் வழக்குத் தொடுக்கப்பட்டு உரிமையை இழந்தார். 2017 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டில் அவ்வழக்கு வாதிக்கப்பட்டபோது, பிரமாணத்தின்மேல் சொல்லப்பட்ட பொய் எவ்வளவு அற்பமாயினும் அதன் பேரில் உரிமையைப் பறிக்கலாம் என்று அரசாங்க வக்கீல் வாதித்தார். அப்போது பிரதம நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், தாம் முன்னொரு காலத்தில் 55 மைல் எல்லையுள்ள சாலையில் 60 மைல் வேகத்தில் சென்றதாகவும், தம்மை யாரும் கைது செய்யவில்லை என்றும் எடுத்துரைத்து, கைதாகாத தவறு ஏதேனும் செய்ததுண்டா என்று படிவம் கேட்குமிடத்தில் அதையும் எழுதியிருக்க வேண்டுமா என்று வினவினார். ஆம் என்று பதில் வந்தது. அதைக் கேட்டு அவர் அடைந்த திகைப்பு அந்நியாயஸ்தலத்தின் ஏட்டில் பதிவாகியிருக்கிறது. இந்த வாதம் ஏற்கப்படுமாயின் அரசாங்கம் தான் விரும்பாத எவருடைய பிரஜா உரிமையையும் எந்நேரமும் பறிக்கலாமே என்று அவர் கவலை கொண்டார். அவ்வாண்டு ஜூன் மாதம் நீதிபதி எலினா கேகன் எழுதிய தீர்ப்பில் அவ்வாதம் ஏற்கப்படவில்லை: உரிமை பெறுவதற்கு ஏதேனும் ஒரு வகையில் காரணமாகாத பொய்யை வைத்து அந்தக் குற்றவியல் பிரிவின்கீழ் உரிமையைப் பறித்தல் கூடாது என்று முடிவாயிற்று. வெட்கத்தாலோ பயத்தாலோ அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் விருப்பத்தாலோ சொல்லப்படும் பொய், நன்மை பெறும் கருத்தோடு சொல்லப்படும் பொய்யோடு ஒக்காது என்றும் அத்தீர்ப்பு வேறுபடுத்திக் காட்டுகிறது. குலப் பெருமையால் ‘இல்லை’ என்று குறித்துவிட்ட நம்மவரைப் போன்றோருக்கு அவ்வாசகம் சிறிது நிழல் தருகிறது. ஆனால் அந்நிழலை நம்பி வெயிலில் இறங்குவது விவேகமன்று. ஒருவருடைய மனத்தில் இருந்தது வெட்கமா பேராசையா என்பதை நிர்ணயிப்பவர் அவரல்லர்.

ராபர்ட்ஸின் கேள்வி எழுப்பும் நியாயத்தை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். காலவரையறையும் தராதரமும் இல்லாமல் ‘எப்போதாவது’ என்றும் ‘எக்காரணத்திற்கேனும்’ என்றும் கேட்கப்படும் கேள்விக்கு, நாற்பது வயது கடந்த மனிதன் எவனும் முற்ற முடிய உண்மையான விடை தந்துவிட முடியாது. நேர்மையான மனிதனுக்கு அது அச்சத்தையும், நேர்மையற்றவனுக்கு அலட்சியத்தையும் உண்டாக்குகிறது. கேட்ட அரசாங்கத்தின் கையிலோ, வேண்டும்போது எடுத்து வீசத்தக்க ஓர் ஆயுதத்தைச் சேமித்து வைக்கிறது. குற்றவியல் வழக்குக்குப் பத்தாண்டு எல்லை இருக்கிறது. உரிமையைப் பறிக்கும் சிவில் வழக்குக்கு அவ்வெல்லையும் இல்லை.

2025 ஆகஸ்ட் 15 அன்று குடியேற்ற இலாகா பிறப்பித்த சுற்றறிக்கை, நல்லொழுக்கத்தை ஆராயும்போது ஒருவரது வாழ்வு முழுவதையும் எடைபோட வேண்டும் என்று சொல்லி, கருத்தில் கொள்ளத்தக்கவற்றுக்கு உதாரணமாகப் பொறுப்பற்ற அல்லது வழக்கமாகிவிட்ட போக்குவரத்து மீறல்களையும் குறிப்பிட்டிருக்கிறது. ஓரிரு சீட்டுகளை இது பாதிக்கும் என்று நினைக்க ஆதாரமில்லை. ஆண்டுதோறும் சீட்டு வாங்கிக்கொண்டிருப்பவர் இனி முன்போல் மெத்தனமாக இருத்தல் இயலாது. அதில் அநியாயம் இருப்பதாகவும் நான் நினைக்கவில்லை. பள்ளிக் குழந்தைகள் நடமாடும் தெருவில் வெறிகொண்டு வண்டி ஓட்டுபவன் அந்தச் சமூகத்தின் அங்கமாகத் தகுந்தவனா என்று கேட்பது நியாயமே. குடித்துவிட்டு ஓட்டியது வேறு வகுப்பு. உரிய காலத்துக்குள் அத்தகைய தண்டனை இரண்டு இருந்தால் நல்லொழுக்கம் இல்லை என்ற அனுமானமே எழும் என்பது 2019இல் அட்டர்னி ஜெனரல் அளித்த முடிவு. அதுபோன்ற ஒன்றோ, கைதோ வாழ்வில் இருப்பவர் படிவத்தைத் தொடுவதற்கு முன் தேர்ந்த குடியேற்ற வக்கீலைக் காண்பதே முறை.

சாதாரணச் சீட்டு வாங்கியவருக்கு வழி எளியது. வாகன இலாகாவிலிருந்து தம் ஓட்டுநர் பதிவைப் பெற்றுக்கொண்டு, அதில் உள்ளதையும், இல்லாவிடினும் தம் நினைவில் உள்ளதையும், தவறு இன்னது, தேதி இன்னது, ஊர் இன்னது, முடிவு இன்னது என்று படிவம் கேட்கும் கட்டங்களில் எழுதிவிடலாம். சரியான தேதி மறந்திருந்தால் உத்தேசம் என்று குறிக்கலாம். படிவம் அனுப்பிய பின் நினைவு வந்தால், நேர்காணலில் அந்த வினா வரும்போது திருத்திக்கொள்ளலாம். அதிகாரி எல்லா வினாக்களையும் மறுபடி கேட்பதே அதற்காகத்தான். நேர்காணலுக்கும் பிரமாண விழாவுக்கும் இடைப்பட்ட நாட்களில் சீட்டு கிடைத்தவரும் உண்டு. விழாவன்று தரவேண்டிய என்-445 என்ற சிறு படிவம், இடைக்காலத்தில் நேர்ந்த மீறல்களைப் போக்குவரத்து மீறல் என்று பெயர் சொல்லியே கேட்கிறது. அங்கும் எழுதிவிட வேண்டியதுதான்.

இனி, உரிமை பெற்று வந்துவிட்ட வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். அமெரிக்க அரசாங்கப் படிவம் எதுவும் மூன்றாண்டுக்கு மேற்பட்ட அனுமதி பெறுவதில்லை. அதைப் புதுப்பிக்கும்போதெல்லாம் முதலில் 60 நாளும் பிறகு 30 நாளும் பொதுமக்கள் கருத்துரைக்க அவகாசம் தந்து, ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அரசாங்க இதழில் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அந்த அறிவிப்பு அடுத்த முறை வெளிவரும்போது, சிறு அபராதத்தோடு தீர்ந்த போக்குவரத்துத் தவறுகளை இவ்வினாவிலிருந்து வெளிப்படையாக விலக்க வேண்டும் என்றும், விலக்காவிடில் ஐந்தாண்டு எல்லையாவது வகுக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். அதுவரையில், உங்கள் வீட்டில் விண்ணப்பம் எழுதுபவர் எவரேனும் ‘டிக்கெட்டையும் எழுத வேண்டுமா’ என்று கேட்டால், எழுதச் சொல்லுங்கள்.